ஏழு சோறும் ஈரத்துணியும்

சிங்கப்பூர்
4.7.2010

அன்புள்ள மதினிக்குக் கொழுந்தன் காத்தமுத்து எழுதிக்கொண்டது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது? பாம்பூஃப்ளாட்டில் உங்கள் மகள் சுதாவும் மாப்பிள்ளை தேவேந்திரனும் நலமா? என் வீட்டுக்காரி ஜெயமணி ஷாதிபூர் வீட்டில் உங்களோடு ஒழுங்காக இருக்கிறாளா, அல்லது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து உங்களை விரட்டப் பார்க்கிறாளா?

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் கிண்டல் பண்ணினால் நீங்கள் பட்டென்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் கீழே போட்டாலும் குனிந்து எடுத்து மிச்சத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

கப்பல் சமையல்காரனுக்குக் கரையில் இறங்கக் கிடைப்பதே அரை நாள். தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை என்ன, வாழைப்பூ என்ன, மல்லிகைச் சரம் என்ன! கடைக்காரர் "எந்த ஊருண்ணே?" என்றார். "அந்தமான்" என்றேன். "அங்கே மனுசங்க இருக்காங்களா?" என்றார். "ஒரு மதினி இருக்காங்க, அதுவே ஒரு ஊருக்குச் சமம்" என்றேன். அரைக்கட்டுக் கீரை இனாமாகக் கொடுத்தார்.

வருகிறவர்கள் கவனத்துக்கு: நடைபாதை நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தம். உங்களைப் போல வெற்றிலை போடுகிறவர்கள் சாற்றை விழுங்கப் பழகிக்கொண்டு வரவும்.

கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீஸுக்குப் பதில் போட்டால் அடுத்த துறைமுகத்தில் கைக்கு வரும். எழுத்துப் பிழைக்கு என் மூன்றாம் வகுப்பு வாத்தியார் பொறுப்பு. அதற்கு மேல் நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை.

உங்கள் சுகம் வேண்டும்,
காத்தமுத்து

*

ஷாதிபூர், போர்ட் பிளேர்
2.8.2010

அன்புத் தம்பி காத்தமுத்துவுக்கு மதினி ரெங்கம்மா ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெற்றிலை எச்சில் விஷயத்தை ஜெயமணி பக்கத்து வங்காளி வீட்டுக்கும் இந்தியில் சொல்லிச் சிரித்துவிட்டாள். நீ வந்ததும் உனக்குக் கச்சேரி இருக்கிறது.

நல்ல செய்தி. சுதா முழுகாமல் இருக்கிறாள். நீ தாத்தா ஆகப்போகிறாய். தலையில் மை பூசுவதை இத்தோடு விட்டுவிடு.

செய்தி கேட்ட அன்றே அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மூன்று மணி நேரம் குலுங்கி, மலையும் காடும் சுற்றிப் பாம்பூஃப்ளாட்டில் இறங்கினால் சுதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "சாத்தம் படகு ஜெட்டியில ஃபெர்ரி ஏறினா வெத்தலை மெல்லுற நேரந்தான். எதிர்ல தெரியுற வீட்டுக்கு ஊரைச் சுத்தி வர்றியேம்மா!" என்றாள்.

வருகிறேன், அதற்கென்ன? சுனாமி முடிந்து கச்சால் தீவிலிருந்து எங்களை ஏற்றி வந்தார்களே அந்தக் கப்பல், அதில் கண்ணை மூடினவள் நான். இறங்கித்தான் திறந்தேன். அன்றிலிருந்து தண்ணீர் மேல் போகிற எதிலும் கால் வைக்கவில்லை. பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்? பஸ் முங்காது.

நீ போகிற ஊர்களைப் பற்றி எழுது. படிக்க நன்றாக இருக்கிறது. இதைச் சொன்னதாக வெளியே சொல்லாதே.

இப்படிக்கு,
ரெங்கம்மா

*

டர்பன், தென்னாப்பிரிக்கா
30.8.2010

தாத்தா ஆகப்போகிற வாலிபன் காத்தமுத்து, பாட்டி ஆகப்போகிற மதினிக்கு வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கே சுதாவுக்கு மசக்கை எப்படி? மாங்காய் கேட்கிறாளா, சாம்பல் கேட்கிறாளா? அவள் அப்பனைப் போல என்றால் கருவாடு கேட்பாள்.

இந்த ஊரில் என்னை ஏற்றிப்போன வேன் டிரைவர் பெயர் பன்னீர்செல்வம். அடடா என்று கட்டிப்பிடித்துத் தமிழில் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடித்தேன். அவர் ஆங்கிலத்தில் "சாரி" என்றார். பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களாம். பாஷை போய்விட்டது. ஆனால் காவடிக்கு விரதம் இருக்கிறாராம், வீட்டில் புளிக்குழம்பும் இருக்கிறதாம். பிறகு இருவரும் குழம்பிலேயே பேசிக்கொண்டோம். அவர் "டாமரிண்ட்" என்பார், நான் நாக்கைச் சப்புக்கொட்டுவேன்.

இங்கே முழு ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பை ஊற்றிக் கொடுக்கிறார்கள். தட்டு கிடையாது, ரொட்டியே பாத்திரம். கழுவுகிற வேலையே இல்லாத சமையலை இத்தனை வருஷத்தில் இங்கேதான் பார்த்தேன்.

வருகிறவர்கள் கவனத்துக்கு: மேலே மூடியிருக்கும் ரொட்டித் துண்டை முதலில் தின்னவும். அடியில் கடித்தால் சட்டை போச்சு. என் சட்டை போச்சு.

எல்லாருக்கும் என் அன்பு,
காத்தமுத்து

*

ஷாதிபூர்
25.9.2010

அன்புத் தம்பிக்கு, நீ சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்கு முழங்கால் பரவாயில்லை. மனசுதான் சரியில்லை, அதனால் சுருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீளப்போகிறது.

சுதாவுக்கு ஏழாம் மாசம் தையில் வருகிறது. முறைப்படி ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, பெற்றவள் கையைப் பிடித்துத்தானே தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும்? இப்போது நர்ஸம்மா, பஸ் குலுக்கல் சுதாவுக்கு ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டார். வருவதென்றால் ஃபெர்ரியில்தான் வரவேண்டும்.

அங்கே போயிருந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். நான் பஸ்ஸில் போகிறேன், சோறு கொடுக்கிறேன், சுதாவை மாப்பிள்ளை ஃபெர்ரியில் கூட்டிவரட்டும், நான் பஸ்ஸிலேயே திரும்புகிறேன் என்று. சம்பந்தியம்மா இந்திராணி அவ்வளவு பேர் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொண்ணு படகுல, அம்மா பஸ்ஸுல! இது எந்த ஊரு வழக்கம் சம்பந்தி? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதா இருந்தா அனுப்புறேன். இல்லேன்னா புள்ளை இங்கேயே பொறக்கட்டும், நீங்க பஸ் பிடிச்சு வந்து பேரு வைங்க."

சுதாவும் அங்கேதான் இருந்தாள். அதுதான் அறுக்கிறது. எப்போதும் என்னை நாலு வார்த்தை கேட்கிற பிள்ளை, அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

இன்னொன்று கேட்கிறேன். ஜெயமணிதான் கண்டுபிடித்தாள். நீ கீரையை எழுதுகிறாய், ரொட்டியை எழுதுகிறாய். சிங்கப்பூரிலிருந்து டர்பனுக்கு நடந்தா போனாய்? கடலைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏன் தம்பி? நான் உடைந்துபோவேன் என்றா?

ரெங்கம்மா

*

ரோட்டர்டாம், ஹாலந்து
14.10.2010

மதிப்புக்குரிய மதினிக்கு நடுக்கத்தோடு காத்தமுத்து. நடுக்கம் குளிரால். மற்றபடி சுகம். உங்கள் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை, அதற்காக நான் சும்மா இருக்க முடியுமா?

இந்த ஊரில் மனிதர்களைவிடச் சைக்கிள் அதிகம். எண்பது வயதுக் கிழவர் டை கட்டிக்கொண்டு என்னை மணியடித்து ஒதுக்கிவிட்டுப் போனார். பிறகு ஒரு கடை. பச்சை மீனை வெங்காயத்தில் புரட்டி, வாலைப் பிடித்து, அண்ணாந்து அப்படியே வாய்க்குள் இறக்குகிறார்கள். நம் வீட்டுப் பூனைகூட உட்கார்ந்து நிதானமாகத் தின்னும்.

நானும் ஒன்று இறக்கினேன். பாதியில் அது திரும்பி வர யோசித்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று விழுங்கிவிட்டேன்.

வருகிறவர்கள் கவனத்துக்கு: மடியில் மிளகாய்ப்பொடி முடிந்துகொண்டு வரவும்.

உங்கள் கொழுந்தன்,
காத்தமுத்து

*

ஷாதிபூர்
5.11.2010

தம்பிக்கு, சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். இன்று தீபாவளி. பலகாரம் ஜெயமணி செய்தாள்.

மீன் கதை வந்தது. நான் கேட்டது உனக்குக் கிடைத்திருக்காது. கிடைத்ததும் அதற்குப் பதில் எழுது. மீன் கதை வேண்டாம்.

ரெங்கம்மா

*

இஸ்தான்புல், துருக்கி
4.12.2010

அன்புள்ள மதினிக்கு, உங்கள் இரண்டு கடிதமும் இங்கே சேர்ந்தே வந்தன. சுகம் விசாரிக்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் விசாரிக்கிறேன். எனக்கு ஒரு பல் குறைந்தது, மற்றபடி சுகம்.

பதில் சொல்கிறேன். அடுப்படியில் என் தலை உயரத்துக்கு வட்டக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதன் மேல் கடலை மறைத்து முருகன் காலண்டர் தொங்குகிறது. 2005ஆம் வருஷத்துக் காலண்டர். கப்பல் மாறினாலும் அதையே சுருட்டிக் கொண்டுபோய் அடுத்த கப்பல் ஜன்னலிலும் மாட்டுவேன். ஆபீசர் கேட்டால் சாமி என்பேன். சாமி விஷயத்தில் அவர்கள் தலையிடுவதில்லை. ஆக மதினி, ஐந்து வருஷமாக என் அடுப்படியில் 2005தான் நடக்கிறது. நீங்கள் பஸ்ஸில் சுற்றுகிறீர்கள், நான் காலண்டர் மாட்டுகிறேன். நீங்கள் கடலில் போகாமல் பயப்படுகிறீர்கள். நான் கடலிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிறேன். கெட்டிக்காரன் யார்?

ரோட்டர்டாமில் பாதி நிலம் கடலைவிடத் தாழ்வு. கரை கட்டிவிட்டு நிம்மதியாகச் சைக்கிள் விடுகிறார்கள். அதை எழுதக் கை வரவில்லை. மீனை எழுதினேன்.

இப்போது இந்த ஊர். இது இரண்டு கண்டத்தில் இருக்கிறது, நடுவில் கடல். என் பல்லைப் பிடுங்கக் கப்பல் ஏஜெண்டு ஃபெர்ரியில் ஏற்றிக் கூட்டிப்போனார். மேல் தட்டு முழுக்க ஆபீஸ் போகிறவர்கள். சின்னக் கண்ணாடி டம்ளரில் தேநீர். ஒரு அம்மாள், உங்கள் வயது, உங்கள் உடம்பு, கத்தரிக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகிறாள். முகத்தைப் பார்த்தால் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறது. அவள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கூடையைப் பார்த்தாள்.

எனக்குப் பொறி தட்டியது. நானும் அப்படித்தானே பிழைக்கிறேன்! கப்பல் ஆடும்போது நாங்கள் செய்வது இதுதான்: மேசையில் துணியை நனைத்துப் பிழிந்து விரிக்க வேண்டும். அதன் மேல் வைத்த பாத்திரம் வழுக்காது. எந்தப் பாத்திரத்தையும் முக்காலுக்கு மேல் நிரப்பக் கூடாது. காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி நிற்க வேண்டும். ஒரு கை எப்போதும் பாத்திரத்தின் மேல் இருக்க வேண்டும். கடல் என்ன ஆடினாலும் நமக்கு அக்கறை குழம்பு சிந்தக் கூடாது என்பதில்தான். குழம்பைக் காப்பாற்றுகிறவனுக்குப் பயப்பட நேரம் இருக்காது.

வருகிறவர்கள் கவனத்துக்கு: பல் பிடுங்கியவர்கள் சூடான தேநீர் குடிக்க வேண்டாம். குடித்தேன்.

என்றும் உங்கள்,
காத்தமுத்து

*

ஷாதிபூர்
27.12.2010

அன்புத் தம்பிக்கு, பல் போன இடம் ஆறிவிட்டதா? உப்புத் தண்ணீரில் கொப்பளி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தேதி உனக்குத் தெரியும். அந்த வருஷமும் ஞாயிறுதான். உன் அண்ணன் கச்சால் ஜெட்டிக்கு மீன் வாங்கப் போய்வருகிறேன் என்று பையை எடுத்தார். நான் மேட்டில் ரப்பர் தோட்டத்து வீட்டில் புளிக்கரைசல் கரைத்துக்கொண்டிருந்தேன். மீதி உனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இதை நான் வாயால் சொன்னதில்லை, இப்போதும் கையால்தான் சொல்கிறேன்.

நேற்று விளக்கேற்றிவிட்டு ஜெயமணியைக் கூட்டிக்கொண்டு சாத்தம் போனேன். பாலம் தாண்டி, மரம் அறுக்கிற மில் தாண்டி, ஜெட்டியில் நின்றேன். டிக்கெட்டும் எடுத்தேன். ஃபெர்ரி வந்தது. லாரி ஏறியது, ஜீப் ஏறியது, ஆடு ஏறியது. நான் ஏறவில்லை. டிக்கெட் கொடுக்கிறவர் "சலோ அம்மா, சலோ" என்று கை ஆட்டினார். கால் சிமெண்டில் ஒட்டிக்கொண்டது. வந்த ஃபெர்ரி எல்லாம் போனது. எதிர்க்கரையில் சுதா வீட்டு மாடியில் துணி காய்வதுகூடத் தெரிந்தது.

திரும்பி வந்துவிட்டேன். தை கடைசியில் நாள் குறித்திருக்கிறது. உன் துருக்கி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். அவள் கொடுத்துவைத்தவள்.

ரெங்கம்மா

*

போர்ட் சையத், எகிப்து
10.1.2011

வெற்றி வீராங்கனை மதினிக்குக் கொழுந்தன் வணக்கம். சுகம், சுகம். நீங்களும் சுகம் என்று இந்தக் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துகொள்வீர்கள்.

ஜெட்டிவரைக்கும் போய்த் திரும்பியதைத் தோல்வி என்று யார் சொன்னது? ஊர் சுற்றுகிறவர்கள் அதை இடம் பார்த்துவருவது என்பார்கள். முன்னேற்பாடு இல்லாமல் யாராவது உலகப் பயணம் போவார்களா?

நீங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. வெறுங்கையோடு போனீர்கள். அடுத்த முறை முதலில் ஏறவேண்டியது நீங்கள் இல்லை. சோறு ஏறட்டும். அடுக்குப் பாத்திரத்தை ஜெயமணி கையில் கொடுத்து உள்ளே அனுப்புங்கள். நீங்கள் சமைத்த சோறு உங்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறது என்றால் நீங்கள் கரையில் நிற்பீர்களா? என் அண்ணன் பொன்னுத்துரை சட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க ஓட, பின்னால் நீங்கள் அகப்பையோடு ஓடினதைப் பார்த்தவன் நான்.

அண்ணன் பெயரை எழுதிவிட்டேன். எழுதினால் ஒன்றும் ஆகவில்லை பாருங்கள்.

சோற்றை நம்பி வாழும்,
காத்தமுத்து

*

ஷாதிபூர்
7.2.2011

உலகம் சுற்றும் கொழுந்தன் காத்தமுத்துவுக்கு, அவனைவிட உலகம் சுற்றிய மதினி ரெங்கம்மா எழுதிக்கொண்டது. நான் சுகம். சுதா சுகம். சுதா எங்கே சுகம் என்று கேள். ஷாதிபூரில், என் பக்கத்தில், கட்டிலில், காலை நீட்டிக்கொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டு சுகம்!

இனி நான் பயணக் கட்டுரை எழுதுகிறேன், நீ படி.

விடியும் முன்னமே எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, மல்லிச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு. ஏழும் அடுக்குப் பாத்திரங்களில் முக்கால்தான். ஜெயமணி, "அவுக இந்திராணிக்கா அளவெடுப்பாகளே, ஏன் குறையுதும்பாகளே" என்று பதறினாள். "கப்பல் சமையல்காரன் பேச்சு, அவன் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு நீயே எதிர்க்கிறியா?" என்றேன். கப்சிப்.

ஜெட்டியில் மறுபடியும் கால் ஒட்டிக்கொண்டது. மறைக்கவில்லை. ஆனால் ஜெயமணி நீ சொன்னபடியே பாத்திரங்களோடு முன்னால் போய்விட்டாள். பெஞ்சில் வைத்தாள், சரி. அதற்குள் மீசை வைத்த ஒருவன், தன் கோழிக்கூடைக்கு இடம் வேண்டுமென்று என் பாத்திரத்தைத் தூக்கித் தரையில், ஸ்கூட்டர் எண்ணெய் வழிகிற இடத்தில் வைக்கப் போனான். என் ஏழு சோறு! "ஏய்! மத் ரக்கோ! கையை எடுடா!" என்று கத்தினேன். கத்தி முடித்தபோது நான் அவன் முன்னால் நின்றேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. பின்னால் பார்த்தால் கதவுப் பலகையைத் தூக்கிவிட்டார்கள். சாத்தம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் எனக்கு எங்கே நேரம்? பெஞ்சில் ஈரத்துணி விரித்தேன். பாத்திரங்களை வரிசையாக வைத்தேன். காலை அகட்டினேன், முழங்காலைத் தளர்த்தினேன். வலிக்கிற முழங்கால் அது, தளர்வதற்கு நன்றாகப் பழகியிருந்தது. பெஞ்சில் சோறு உட்கார்ந்து வந்தது, நான் நின்றேன். பக்கத்தில் ஒரு வங்காளி அம்மாளுக்குத் தலை சுற்றியது. நான் இந்தியில் சொன்னேன்: "பானி மத் தேக்கோ, டிஃபன் தேக்கோ." தண்ணீரைப் பார்க்காதே, சோற்றைப் பார்! அவளும் என் பாத்திரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தாள். உன் வித்தைக்கு இப்போது எனக்கு ஒரு சிஷ்யை.

எதிரே ஜெட்டியில் யார் நின்றது தெரியுமா? சம்பந்தியம்மா. நான் பஸ்ஸில்தான் வருவேன் என்று பந்தயம் கட்டியிருப்பாள் போல, வேடிக்கை பார்க்க வந்தவள் வாயைத் திறந்தபடி நின்றாள். நான் இறங்கி அவள் கையில் முதல் பாத்திரத்தைக் கொடுத்தேன். "திறந்து பாருங்க சம்பந்தி. ஒரு பருக்கை சிந்தியிருந்தா சொல்லுங்க."

சிந்தவில்லை.

சுதாவிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசலில் நான் வந்து நின்றபோது கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ் வர நேரமே ஆகலையேம்மா" என்றாள். "பஸ்ஸா? அதெல்லாம் வயசானவங்க போறது" என்றேன். அழுதாள், சிரித்தாள், வளையல் போடும்போது இரண்டும் சேர்ந்து வந்தது.

திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாத்திரமெல்லாம் காலி. காப்பாற்றச் சோறு இல்லை. அப்போது பார்த்தேன் தம்பி. தண்ணீரைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. சும்மா இருந்தது. ஆறு வருஷமாக எனக்காகக் காத்துக்கொண்டு இருந்தது மாதிரி இருந்தது. நானும் அதைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. முந்தானையில் ஒரு பிடி புளிச்சோறு முடிந்து வைத்திருந்தேன். தயிர்ச்சோறு உன் அண்ணனுக்கு ஆகாது. அவிழ்த்துப் போட்டேன். "பொன்னுத்துரை, மீன் வாங்கப் போன ஆளு, சோத்துக்குக்கூட வரலை, இந்தா" என்றேன். கட்டியவர் பெயரைச் சொல்லலாமா என்று ஜெயமணி பார்த்தாள். சொல்லலாம். சொன்னேன்.

வருகிறவர்கள் கவனத்துக்கு: சாத்தத்திலிருந்து பாம்பூஃப்ளாட் போகும்போது கோழிக்கூடைக்காரரிடம் கவனமாக இருக்கவும். வரும்போது வலது பக்கம் நிற்கவும். காற்று அங்கேதான் நன்றாக அடிக்கிறது.

பிரசவம் பங்குனியில். அது முடிந்ததும் நான் வேறு ஊர் பார்க்கவேண்டும். ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் எத்தனை மணிக்கு என்று ஜெயமணி விசாரிக்கிறாள்.

ஆசீர்வாதத்தோடு,
ரெங்கம்மா

*

நடுக்கடல்
1.3.2011

அன்புள்ள மதினிக்கு, காத்தமுத்து சுகம். இவ்வளவு சுகம் இதற்கு முன் இருந்ததில்லை. உங்களுக்கும் சுதாவுக்கும் அவள் வயிற்றில் இருக்கிற ஆளுக்கும் என் வணக்கம். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தீர்களா? இப்படி ஒரு ஊருக்கு நான் வந்ததே இல்லை. எழுதியதும் இல்லை.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிறகு சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பிலிப்பைன்ஸ்காரர்கள் கை தட்டினார்கள். கேப்டன் எழுந்து நின்று, "உங்கள் மதினிக்கு என் கப்பலில் எப்போதும் வேலை உண்டு" என்றார். வேண்டாம் சார், என் வேலை போய்விடும் என்றேன்.

அப்புறம் காலண்டரைக் கழற்றினேன். முருகனை மாவு டப்பாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அவருக்கும் இடம் மாறினது பிடித்திருக்கிறது. இன்று தேதி கிழித்தேன், அதாவது ஆறு வருஷத்தைச் சேர்த்துக் கிழித்தேன்.

ஊரைப் பற்றி: இங்கே தண்ணீர் நிறைய. சாலை கிடையாது, கூட்டம் கிடையாது. காலையில் வெள்ளி மாதிரி மீன்கள் தண்ணீரைவிட்டுப் பறந்து திரும்ப விழுகின்றன. வாலைப் பிடித்து யாரும் அண்ணாந்து இறக்குவதில்லை. மாலையில் வெயில் மேசைவரைக்கும் வருகிறது. இத்தனை நாள் அது காலண்டரின் பின்புறத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

இன்று மதியச் சாப்பாடு புளிச்சோறு. முதல் பிடியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். போட்டேன். மதினி, அந்தப் பக்கம் நீங்கள் போட்டீர்கள், இந்தப் பக்கம் நான் போட்டேன். அண்ணன் வயிறு நிறைந்திருக்கும். என் சோற்றைத் தின்றுவிட்டு உங்கள் கைப்பக்குவம்தான் உசத்தி என்பான். சொல்லட்டும்.

வருகிறவர்கள் கவனத்துக்கு: பயப்படாமல் வரவும். சாப்பாடு என் பொறுப்பு.

கடலிலிருந்து,
காத்தமுத்து